வீடு தேட உகந்த காலம்: சித்திரை முதல் பங்குனி வரை ஒரு வழிகாட்டி

சென்னையில் வீடு வாங்கப் பணம் எங்கே கிடைக்கும் என்று சொல்ல வங்கிகள் இருக்கின்றன. வீடு எங்கே கிடைக்கும் என்று சொல்லத் தரகர்கள் இருக்கிறார்கள். எப்போது தேடுவது என்று சொல்லவோ ஒரு பெரும்படையே இருக்கிறது: பெரியப்பா, மாமியார், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், மாடி வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், காலண்டர் தாளின் பின்பக்கம். ஆளுக்கொரு காலத்தைச் சொல்வதால்தான் குழப்பம். அந்த அறிவுரைகளில் ஒன்றையும் விடாமல் திரட்டி, மாதவாரியாக இங்கே தொகுத்திருக்கிறோம். வரிக்கு வரி பின்பற்றினால் உறவில் ஒருவர் மனமும் கோணாது. வீடு கிடைக்குமா என்பது வேறு விஷயம்.

தேவையான பொருட்கள்

தினசரிக் காலண்டர் ஒன்று. பஞ்சாங்கம் இரண்டு: வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. ஒன்றே போதாதா என்று கேட்கக் கூடாது. நாள் நன்றாக இருக்கிறது என்று ஒன்று சொல்லிவிட்டால், தடுப்பதற்கு இன்னொன்று வேண்டும். சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 அன்று என்றது திருக்கணிதம். வாக்கியம் அதை 2026க்குத் தள்ளியது. சனி பகவானுக்குப் பேர்போன திருநள்ளாறே வாக்கியத்தின் பக்கம்தான். ‘பெயர்ச்சி முடியட்டும், பார்க்கலாம்’ என்று சொல்ல விரும்பியவருக்கு ஏறக்குறைய ஓராண்டு இலவசமாகக் கிடைத்தது.

வீட்டில் உள்ள எல்லோருடைய ஜாதகமும் வேண்டும். சந்திராஷ்டமம் ஒரு ராசிக்கு மாதத்தில் இரண்டேகால் நாள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு ராசிகள் அமைந்தால் அதிலேயே ஒன்பது நாள் போய்விடும். மாமனாரையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு.

சித்திரை, வைகாசி

ஆண்டு பிறக்கிறது, எதையும் தொடங்கலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். சித்திரை 21இல் அக்னி நட்சத்திரம் தொடங்கி வைகாசி 14 வரை நீடிக்கிறது. அந்த நாட்களில் கிரகப்பிரவேசம் கூடாது என்பார்கள். நாம் ஒரு படி மேலே போய், வீடு பார்க்கவும் கூடாது என்கிறோம்.

போனால் வேண்டாத சங்கதியெல்லாம் கண்ணில் படும். பிற்பகல் மூன்று மணிக்கு மேற்குப் பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் கைவைத்துப் பார்ப்பீர்கள், கை பொறுக்காது. வாசலில் தண்ணீர் லாரி நிற்கும். வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்தால் வாரத்துக்கு எத்தனை லோடு, லோடு என்ன விலை, போர் எந்த மாதம் காற்று வாங்கத் தொடங்கியது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் வீடு தேடியவர்களுக்கு எந்தத் தெருவில் கிணறு ஊறுகிறது, எந்தத் தெருவில் குடத்தோடு நிற்கிறார்கள் என்பது விளம்பரத்தின் உதவியில்லாமலே தெரிந்துபோனது. இப்படிப்பட்ட அறிவு வந்துவிட்டால் பிறகு எந்த வீட்டையும் நிம்மதியாக ரசிக்க முடியாது.

அக்னி முடிந்த பிறகு போகலாமே என்றால், வைகாசி முழுக்க முகூர்த்தம். ஞாயிற்றுக்கிழமைகள் கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தம்.

ஆனி

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஃபீஸ் கட்டிவிட்டீர்கள், வேனுக்கும் சொல்லியாகிவிட்டது. இனி வீடு மாறினால் பிள்ளையின் படிப்பு என்ன ஆவது? அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த கோடையில் என்ன செய்வது என்பதற்கு மேலே உள்ள பகுதியைப் பார்க்கவும்.

ஆடி

ஆடியில் வீடு பார்ப்பதா? கேட்டாலே மாமியார் காதைப் பொத்திக்கொள்வார். “மாப்பிள்ளை, இவ்வளவு நாள் பொறுத்தீங்க, இன்னும் ஒரு மாசம் பொறுக்க மாட்டீங்களா?” என்பார். பொறுங்கள்.

ஆடிக்கு ஆதரவாகச் சிலர் மூன்று காரணங்கள் சொல்கிறார்கள். எச்சரிக்கைக்காக மட்டும் அவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு நாட்கள்தான் கண்விழிக்கிறார். அவற்றில் ஆடி 11ம் ஒன்று. அவரே எழுந்து உட்காரும் மாதத்தில் நாம் இழுத்துப் போர்த்திக்கொள்வது சரியா என்று கேட்கிறார்கள். குதர்க்கம்.

இரண்டாவது, ஆடிப்பெருக்கன்று பத்திரம் பதியக் கூட்டம் நெரிகிறது. இப்படிப்பட்ட நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு வழக்கமான 100 டோக்கனுக்குப் பதிலாக 150 என்று பதிவுத்துறை கூட்டிக் கொடுப்பது வழக்கம். ஆக, ஆடியில் பதியலாம்; தேடத்தான் கூடாது. பதினெட்டாம் நாள் பதிகிறவர் அந்த வீட்டை எப்போது தேடினார் என்று யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது காரணம்தான் விஷமத்தனமானது. ஆடியில் தரகர் சும்மா இருக்கிறார். வீட்டு உரிமையாளரின் தொலைபேசி அடிப்பதில்லை. “சார், இந்த மாசம் நீங்க ஒருத்தர்தான் சார் வந்திருக்கீங்க. நீங்க ஒரு விலை சொல்லுங்க, ஓனர்கிட்ட நான் பேசறேன்” என்பார் தரகர். இந்தப் பேச்சை நம்பாதீர்கள். ஆவணி பிறக்கட்டும், அதே தரகர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள்: “சார், காலையிலேயே ரெண்டு பார்ட்டி வந்துட்டுப் போயிட்டாங்க. டோக்கன் அட்வான்ஸ் போடறீங்களா, இல்ல விட்டுடலாமா?” பாருங்கள், எவ்வளவு பரபரப்பு! எல்லோரும் விரும்பும் வீட்டை எல்லோரும் விரும்பும் மாதத்தில் எல்லோரும் கொடுக்கும் விலையைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதில் ஒரு பெருமை இருக்கிறது. ஆடியில் அது கிடைக்காது.

புரட்டாசி

முதலில் மகாளயம், பிறகு கொலு. நடுவில் சனிக்கிழமைகள். கொலு பார்க்கப் போகும் வீடுகளில் சதுர அடி விலை விசாரிக்கலாம். அது தேடலில் சேராது.

ஐப்பசி, கார்த்திகை

இந்த வழிகாட்டியில் கறுப்பு மையில் கட்டம் கட்டிப் போட வேண்டிய பகுதி இதுதான். மழையில் வீடு பார்க்கப் போகவே போகாதீர்கள்.

சென்னைக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரை தாண்டியது. 2016 டிசம்பர் 12இல் வர்தா. 2023 டிசம்பர் 4இல் மிக்ஜாம். மூன்றும் கார்த்திகை மாதத்தில். 2024இல் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே கனமழை எச்சரிக்கை வந்தது. வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்தினார்கள். அந்த வரிசையைப் பார்த்த எவருக்கும் அந்தப் பகுதியின் தரைமட்டத்தைப் பற்றி வேறு அளவை தேவைப்பட்டிருக்காது.

மழை விட்ட மறுநாள் காலை கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டு ஒரு தெருவில் நடந்தால் என்ன ஆகும்? எந்த வீட்டு வாசலில் தண்ணீர் வடிந்துவிட்டது, எந்த வீட்டுக்காரர் வாளியோடு நிற்கிறார் என்று தெரியும். லிஃப்ட் ஓடுகிறதா, தரைத்தளத்து மின் இணைப்புப் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, சம்ப்பில் சாக்கடை கலந்ததா என்று தெரியும். பக்கத்து வீட்டுப் பாட்டி, “பதினஞ்சுல இங்க வரைக்கும் வந்துச்சுப்பா” என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டுவார். பாட்டிக்குக் கமிஷன் கிடையாது என்பதால் அவர் சொல்வதை மறுக்கவும் முடியாது. நல்ல வீடு ஒன்று கைநழுவிப் போகும்.

மழை வந்தால் வீட்டில் இருங்கள். வாடகை வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்து, “இந்த வருஷம் மழை அதிகம்” என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

மார்கழி

பீடை மாதம் என்பார் ஒருவர். பீடுடைய மாதம் என்று திருத்துவார் இன்னொருவர். இருவரும் சேர்ந்து, வீடு மட்டும் பார்க்க வேண்டாம் என்பார்கள். சபா கேன்டீனில் சந்தித்துக்கொள்ளவும்.

தை

தை பிறந்தால் வழி பிறக்கும். வழி மட்டுமல்ல, விலையும் பிறக்கும். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனாலும் இந்த வழிகாட்டி முழுமனதோடு பரிந்துரைக்கும் மாதம் இதுதான்.

வானம் நீலமாக இருக்கும். மின்விசிறி போடாமலே அறை குளுகுளுவென்று இருக்கும். “க்ராஸ் வென்டிலேஷன் சார்” என்பார் தரகர். கிணற்றில் தண்ணீர் தொட்டுவிடும் உயரத்தில் நிற்கும். “கோடையிலும் இப்படித்தான்” என்பார். பொங்கலுக்குப் புது பெயின்ட் அடித்திருப்பார்கள். கார்த்திகையில் சுவரில் ஏறிய ஈரத்தையும் 2015இல் தண்ணீர் போட்டுவிட்டுப் போன கோட்டையும் மறைக்க இரண்டு கோட்டிங் போதும். பெயின்ட் வாசனைக்கு மூக்கைச் சுளிக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் போவது உத்தமம். ராஜீவ் காந்தி சாலையில் ஐ.டி. கம்பெனிகளுக்கு விடுமுறை, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகிறவர்கள் ஏற்கெனவே போய்விட்டிருப்பார்கள். விளம்பரத்தில் சொன்ன ‘பத்து நிமிடத்தில் மெட்ரோ’ அன்று ஒரு நாள் உண்மையாகும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அதே வழியில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், அவரைக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் போய்ப் பார்க்கச் சொல்பவரையும்தான். தெருவிளக்கு எரிகிறதா, எதிர்மனையில் என்ன நடக்கிறது, மாடிக்காரர் எத்தனை மணிக்கு மிக்ஸி போடுகிறார் என்பதெல்லாம் குடிபோன பிறகு தெரிந்துகொண்டால் போதும். அப்போது நேரம் நிறைய இருக்கும், இருபது வருடம்.

மாசி, பங்குனி

வருமான வரிக் கணக்கு, பிள்ளைக்குப் பொதுத்தேர்வு. கட்டுமான நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கு மார்ச் 31க்குள் கணக்கு முடிக்க வேண்டிய நெருக்கடி இருக்கும். கார் பார்க்கிங்கையாவது விலையில் சேர்த்துத் தருகிறேன் என்று வழிக்கு வருவார்கள். ஆனால் அதற்கு நீங்கள் மாசியிலேயே நான்கைந்து வீடு பார்த்து வைத்திருக்க வேண்டும். பார்த்து வைத்திருக்கவில்லை. நல்லது.

நாளும் மணியும்

மாதம் கூடிவந்தாலும் மனம் தளர வேண்டாம். நாளும் மணியும் மிச்சம் இருக்கின்றன. அஷ்டமி, நவமி, கரிநாள் போக ஒரு வெள்ளிக்கிழமை அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். மூன்று முதல் நாலரை வரை எமகண்டம். நடுவில் கிடைப்பது மூன்று மணி நேரம்; அதற்குள்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையும் வரும். ஆவணங்களை ஏற்றும் கணினி எந்த ஹோரையில் கண்ணயரும் என்பதை இரண்டு பஞ்சாங்கங்களுமே சொல்வதில்லை.

குளிகை நேரம் பரவாயில்லை என்பார்கள். குளிகையில் செய்தது மறுபடி மறுபடி நடக்கும். வீடு வாங்கினால் இன்னொரு வீடு சேரும். ஆனால் கடன் வாங்கினால் இன்னொரு கடனும் சேரும். வங்கிக் கடனில் வீடு வாங்குகிறவர் குளிகையில் கையெழுத்துப் போடலாமா என்பது சாஸ்திரம் எழுதியவர்கள் எதிர்பார்க்காத சிக்கல்.

மனை வாங்கிக் கட்டுவதென்றால் வாஸ்து நேரம் பார்க்க வேண்டும். எட்டு நாட்களிலும் வாஸ்து புருஷன் மூன்றே முக்கால் நாழிகை, அதாவது 90 நிமிடம், விழித்திருக்கிறார். பல் துலக்குதல், குளியல், பூஜை, சாப்பாடு, தாம்பூலம் என்று வேலைக்குப் பதினெட்டு நிமிடம். சாப்பிடும்போதும் வெற்றிலை போடும்போதும்தான் அவர் நல்ல மனநிலையில் இருப்பார். கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 4 மணி 48 நிமிடம். நான்காவது மாடியில் ஃபிளாட் வாங்குபவருக்குத் தோண்டப் பூமியே இல்லை. அவரும் கேட்டுவைப்பது நல்லது.

நாள் குறித்தபின் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். முப்பது வருட வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறேன், தாய்ப்பத்திரத்தில் ஒரு வாரிசு கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, பட்டா இன்னும் பழைய பெயரிலேயே இருக்கிறது என்றெல்லாம் வக்கீல் இழுத்தடிப்பார். “இன்னும் பத்து நாள் ஆகும்” என்பார். அவருக்காக முகூர்த்தம் நிற்குமா? முதலில் பதிந்துவிடுங்கள். வாரிசு தானே தேடிக்கொண்டு வருவார்.

வட்டி, வரி, விலை

பஞ்சாங்கத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு ரிசர்வ் வங்கி இருக்கிறது. 2020 மே முதல் இரண்டு ஆண்டுகள் ரெப்போ விகிதம் 4 சதவீதத்தில் கிடந்தது; கொரோனா முடியட்டும் என்றோம். 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆனது, வட்டி இறங்கட்டும் என்றோம். 2025 பிப்ரவரியிலிருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. விலை இறங்கட்டும் என்கிறோம். இதில் எந்த இடத்திலும் நம்மீது தவறு காண முடியாது.

கால் சதவீதம் சிறிய விஷயமா? 50 லட்சம் ரூபாய்க் கடனை 20 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டரை சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 43,390 ரூபாய், எட்டேகாலில் 42,600. மாதம் 790 ரூபாய் லாபம். இந்த லாபத்துக்காக ஓராண்டு காத்திருங்கள். அதற்குள் 80 லட்சத்து வீடு ஐந்தே சதவீதம் ஏறினாலும் 4 லட்சம் கூடியிருக்கும். அதை அடுத்தவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 2019 அக்டோபருக்குப் பின் வங்கிகள் தரும் மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை, வட்டி இறங்கினால் ஏற்கெனவே கடன் வாங்கியவருக்கும் இறங்கும் என்று மாடி வீட்டு மேலாளர் சொல்வார். அவர் ஓய்வு பெற்றவர்; அவருக்கென்ன தெரியும்.

வயதைப் பற்றியும் கவலை வேண்டாம். ஓய்வு வயதுக்குள் கடனை முடிக்க வேண்டும் என்று வங்கிகள் பொதுவாக எதிர்பார்ப்பதால், நாற்பதில் 20 ஆண்டு கிடைக்கும், நாற்பத்தைந்தில் 15 ஆண்டுதான். அதே 50 லட்சத்துக்கு அப்போது மாதத் தவணை 49,240. ஐந்தாண்டு பொறுமைக்கு மாதம் ஐயாயிரத்துச் சொச்சம். பொறுமைக்கும் ஒரு விலை வேண்டாமா?

அடுத்து அரசாணை. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்காக உயர்த்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் மதிப்பைப் பழையபடி ஏற்றி, கட்டணத்தை இரண்டாகக் குறைத்தார்கள். முத்திரைத் தீர்வையோடு சேர்த்து இப்போது 9 சதவீதம். இனி எது ஏறும், எது இறங்கும் என்று தெரியும்வரை அசையாதீர்கள். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதியும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. சென்னையில் 10 லட்சத்துக்கு வீடு வரும்வரை காத்திருப்பது இல்லத்தரசிக்குச் செய்யும் மரியாதை.

தப்பித்தவறி நல்ல வீடு கிடைத்துவிட்டால்

எல்லா எச்சரிக்கையையும் மீறிச் சிலருக்கு இது நேர்ந்துவிடுகிறது. தண்ணீர் இருக்கிறது, பத்திரம் சுத்தம், விலை கைக்கு அடக்கம். பதற வேண்டாம். “ஒரு வாரம் டைம் கொடுங்க” என்று கேளுங்கள். அந்த வாரத்தில் ஒரு வாஸ்து நிபுணரையும் இரண்டு மைத்துனர்களையும் தனித்தனியாக அழைத்துப்போய்க் காட்டுங்கள். சமையலறை அக்னி மூலையில் இல்லை என்பார் ஒருவர். இதே விலைக்கு மறைமலைநகரில் தனி வீடே வாங்கலாம் என்பார் இன்னொருவர். பெரியப்பா மட்டும் வீட்டைப் பார்க்காமலே, “பத்து வருஷம் முன்னாடியே வாங்கியிருக்கணும்” என்பார். எட்டாம் நாள் தரகர் கூப்பிட்டு, முடிந்துவிட்டது என்பார். எல்லாம் நன்மைக்கே.

இதைப் பின்பற்றாதவர்கள்

ஊருக்கு ஒரு குடும்பமாவது இப்படி இருக்கும். மே மாத மத்தியானத்தில் ஒரு தெருவுக்குப் போய் வாட்ச்மேனிடம் பேசுவார்கள். ஆடியில் விலை கேட்பார்கள். கார்த்திகை மழையில் குடையோடு மறுபடி வந்து, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். வக்கீல் சரி என்று சொன்ன பிறகுதான் நாளே குறிப்பார்கள். பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்று பதிவுக்கும் பால் காய்ச்சுவதற்கும் நல்ல நேரம் பார்ப்பார்கள். வீட்டுக்கு மட்டும் கெட்ட நேரமாகப் பார்த்துப் பார்த்துப் போயிருப்பார்கள்.

அவர்கள் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பு வரும். போக வேண்டும். குழாயைத் திறந்து பாருங்கள், சுவரைத் தட்டிப் பாருங்கள், மொட்டைமாடிக்கும் போய்வாருங்கள். குறை ஒன்றும் அகப்படாவிட்டால் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வந்ததும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் அழைத்து, அக்கறையோடு சொல்லுங்கள்: “வீடு நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.”